மூடச் சொன்ன வானொலியை மீட்ட கதை: பிபிசி 6 மியூசிக்

(1)
மக்களே, இன்னிக்கு சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எதுவும் கிடையாது. ஒரு வானொலி நிலையத்தோட வரலாறு. பேரு பிபிசி 6 மியூசிக். மூடப் போறோம்னு நிர்வாகமே அறிவிச்ச பிறகு, கேட்கிறவங்க சேர்ந்து உயிரோட வெச்ச நிலையம். கொஞ்சம் நீளமான இழை. டீயோட உட்காருங்க.

(2)
நான் காது, மூக்கு, தொண்டை டாக்டர். 2010இல் வட இங்கிலாந்தில் ஒரு ஊரில் பயிற்சியில் இருந்தேன். ராத்திரி டியூட்டியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுற அண்ணன் ஒருத்தர் உண்டு. அங்கே போர்ட்டர்னு சொல்வாங்க. அவரோட அறையில் செங்கல் அளவுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் ரேடியோ எப்பவும் மெல்லமா ஓடிட்டே இருக்கும்.

(3)
ஒரு ராத்திரி தூக்கம் வராம அங்கே போய் உட்கார்ந்தேன். முதல்ல எழுபதுகளின் பங்க் பாட்டு. அடுத்து அந்த வாரம்தான் வெளிவந்த ஏதோ ஒரு பாட்டு. அதுக்கப்புறம் ஆப்பிரிக்க ஜாஸ். நடுவுல விளம்பரமே இல்லை. "இது என்ன ஸ்டேஷன்?"னு கேட்டேன். பேரைச் சொன்னார். கூடவே, "பழகிக்காதீங்க டாக்டர், மூடப் போறாங்களாம்"னார்.

(4)
சும்மா சொல்றார்னு நினைச்சேன். மறுநாள் பேப்பர்ல பார்த்தா அதே செய்தி. இவ்வளவு நல்லா இருக்கிற ஒன்றை ஏன் மூடணும்? அன்னிக்கு ஆரம்பிச்ச கேள்வி, கொஞ்சம் கொஞ்சமா படிச்சு வரலாறு வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

(5)
முதல்ல அடிப்படை. பிபிசி விளம்பரத்தில் ஓடுறது இல்லை. பிரிட்டனில் டிவி பார்க்கிற வீடுகள் வருஷா வருஷம் லைசன்ஸ் கட்டணம் கட்டணும். 2010 ஏப்ரலில் அது 145.50 பவுண்டு. ரேடியோவுக்குத் தனி லைசன்ஸ் 1971லேயே போயிடுச்சு. ஆக, டிவி லைசன்ஸ் காசுலதான் ரேடியோவும் ஓடுது. மக்கள் காசு. அதனால எதைத் தொடங்கணும், எதை மூடணும்ங்கிறது அங்கே பொது விவாதம்.

(6)
இப்போ கொஞ்சம் பின்னால போவோம். அறுபதுகளில் பிபிசி வானொலி நினைச்ச நேரத்துக்கெல்லாம் இசைத்தட்டு போட முடியாது. இசைக்கலைஞர் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோட உரிமை அமைப்போடும் போட்ட ஒப்பந்தப்படி, நாளுக்குச் சில மணி நேரம்தான் தட்டு சுழலலாம். இதுக்கு 'நீடில் டைம்'னு பேரு. ஊசி தட்டைத் தொடுற நேரம்! தட்டு போட்டுட்டே இருந்தா வாசிக்கிறவன் பிழைப்பு என்னாகும்ங்கிறது சங்கத்தோட பயம். நியாயமான பயம்தான்.

(7)
மீதி நேரத்தை எப்படி நிரப்புறது? பாடகர்களையும் குழுக்களையும் ஸ்டுடியோவுக்கே கூப்பிட்டு நேரடியா வாசிக்க வெச்சு பதிவு பண்ணாங்க. லண்டன் மைடா வேல் பகுதியில் ஸ்கேட்டிங் அரங்கமா இருந்த கட்டடம்தான் அந்த ஸ்டுடியோக்களில் புகழ்பெற்றது. இப்படி உருவான பதிவுக்குப் பேரு 'செஷன்'. ஒரே நாளில் நாலு பாட்டு, பெரிய ஜோடனை இல்லாம, சுடச்சுட.

(8)
கட்டுப்பாடா வந்தது பின்னால சொத்தா மாறிடுச்சு. இசைத்தட்டு கடையில கிடைக்கும். செஷன் பதிவு பிபிசியைத் தவிர வேற யார்கிட்டயும் கிடையாது. ஆரம்ப கால நாடாக்களில் சிலதை அப்போ மதிப்பு தெரியாம அழிச்சுட்டாங்க. மிஞ்சினது ஒரு பெரிய காப்பகம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வரும்.

(9)
அதே காலத்தில் இளைஞர்களுக்கு பாப் இசைப் பசி. பிபிசி போடலை. 1964இல் ரேடியோ கரோலைன்னு ஒரு கப்பல், நாட்டு எல்லைக்கு வெளியே கடலில் நின்னுக்கிட்டு பாட்டு ஒலிபரப்ப ஆரம்பிச்சது. 'கடற்கொள்ளை வானொலி'. பின்னாலேயே இன்னும் சில கப்பல்கள். 1967 ஆகஸ்டில் சட்டம் போட்டு அடக்கினாங்க. ஆனா பசியை அடக்க முடியுமா? அதே வருஷம் செப்டம்பர் 30இல் பிபிசியே ரேடியோ 1 ஆரம்பிச்சது.

(10)
நம்ம ஊர்ல இதே மாதிரி ஒண்ணு முன்னாடியே நடந்திருக்கு. ஐம்பதுகளில் ஆகாஷ்வாணி சினிமாப் பாட்டை ஒதுக்கினப்போ, ஜனங்க ரேடியோ சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பிட்டாங்க. 1957இல் விவித் பாரதி வந்தது. பொது ஒலிபரப்பு எங்கேயும் இப்படித்தான். கேட்கிறவன் எழுந்து வெளியே போன பிறகுதான் கதவைத் திறக்கும்.

(11)
அந்தக் கப்பல் வானொலிகளில் ஒன்றில் இருந்து ரேடியோ 1க்கு வந்தவர் ஜான் பீல். 37 வருஷம் அங்கேயே இருந்தார். யாரும் கேள்விப்படாத குழுக்களைத் தேடிப் பிடிச்சுப் போடுறதுதான் அவர் வேலை. அவர் நிகழ்ச்சிக்காகப் பதிவான செஷன்கள் மட்டும் 4,000 வாக்கில். பிடிச்சது, பிடிக்காதது ரெண்டும் வரும். கேட்கிறவனை முட்டாளா நினைக்காத நிகழ்ச்சி.

(12)
ஆனா பீல் மாதிரி ஆட்களுக்குக் கிடைச்சது பெரும்பாலும் பின்னிரவு நேரம். பகலில் ரேடியோ 1 இளைஞர்களுக்கான ஹிட் பாட்டு. ரேடியோ 2 கொஞ்சம் வயசானவங்களுக்கான இதமான இசை. ரேடியோ 3 செவ்வியல். இந்த மூணுக்கும் நடுவுல, இசையை மூச்சா நினைக்கிற, ஆனா ஹிட் பட்டியலைத் தொடராத ஒரு கூட்டம் இருந்துச்சு. அவங்களுக்குன்னு ஒரு அலைவரிசை இல்லை. எஃப்எம்மில் இடமும் இல்லை.

(13)
இடத்தைக் கொடுத்தது தொழில்நுட்பம். 1987இல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து தொடங்கின யுரேகா 147 என்கிற ஆராய்ச்சித் திட்டத்தில் பிறந்தது டிஏபி, அதாவது டிஜிட்டல் வானொலி. பிபிசி 1995 செப்டம்பரில் அதில் ஒலிபரப்ப ஆரம்பிச்சது. வீட்ல வாங்கி வைக்க ரேடியோ பெட்டி கூட அப்போ சரியா கிடைக்காது. நிலையம் ரெடி, காது இன்னும் வரலை.

(14)
இது எப்படி வேலை செய்யுது? எஃப்எம்மில் ஒரு நிலையத்துக்கு ஒரு அலைவரிசை. டிஏபியில் பல நிலையங்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே அலைவரிசையில் அனுப்புறாங்க. ஒரே பஸ்ஸில் பல பயணிகள். பஸ் ஏற்கெனவே ஓடுது, இன்னொருத்தரை ஏத்த புது ரோடு போட வேண்டாம். ஆனா இடம் அளவானது. புது ஆள் ஏறினா மத்தவங்க கொஞ்சம் ஒடுங்கி உட்காரணும்.

(15)
ஒலியை எப்படி ஒடுக்குறாங்கங்கிறதுதான் என் துறைக்காரனுக்குப் பிடிச்ச பகுதி. நம்ம உள்காதில் நத்தை ஓடு மாதிரி காக்ளியா இருக்கு. அதில் ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு இடம். ஒரு சத்தம் பலமா வந்தா, அதுக்குப் பக்கத்துச் சுருதியில் இருக்கிற மெல்லிய சத்தம் நமக்குக் கேட்காது. பெரிய சத்தம் சின்னதை மறைச்சிடும். டிஏபி இதைத்தான் பயன்படுத்துது. காது எப்படியும் கேட்கப் போறதில்லைன்னு கணக்குப் போட்டு அந்தப் பகுதியின் விவரத்தைக் குறைச்சுடுது.

(16)
பலவீனமும் உண்டு. எஃப்எம்மில் சிக்னல் குறைஞ்சா இரைச்சல் கூடும், ஆனாலும் பாட்டு கேட்கும். டிஏபியில் ஓரளவு வரைக்கும் சுத்தமா கேட்கும். அதுக்குக் கீழே போனா சேற்றில் குமிழி வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் மொத்தமா நின்னுடும். எங்க ஆஸ்பத்திரி அடித்தளத்தில் எல்லா நிலையமும் குமிழிதான். போர்ட்டர் அண்ணன் ரேடியோவை ஜன்னல் விளிம்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வெச்சிருப்பார். யாராவது நகர்த்தினா கோபம் வரும்.

(17)
சரி, கதைக்கு வருவோம். 2001 செப்டம்பரில் அப்போதைய கலாசாரத் துறை அமைச்சர் டெஸ்ஸா ஜோவல் பிபிசியின் புதிய டிஜிட்டல் வானொலிகளுக்கு அனுமதி கொடுத்தார். அதில் ஒன்று, திட்டக் கட்டத்தில் 'நெட்வொர்க் ஒய்' என்று அழைக்கப்பட்டது. 2002 மார்ச் 11 காலை ஏழு மணிக்கு 6 மியூசிக் என்ற பேரில் அது பிறந்தது. நகைச்சுவைக் கலைஞர் ஃபில் ஜுபிடஸ் தொகுத்த காலை நிகழ்ச்சி. முதல் பாட்டு வட அயர்லாந்தின் ஆஷ் குழுவினுடையது.

(18)
பிறந்ததில் இருந்து இன்னிக்கு வரைக்கும் அது எஃப்எம்மில் வந்ததே இல்லை. டிஏபி, டிஜிட்டல் டிவி, இணையம். அவ்வளவுதான். காரில் போறவனுக்குக் கேட்காது, ஏன்னா அப்போ காரில் டிஏபி மிகக் குறைவு. வீட்டில் பழைய ரேடியோ இருந்தா கேட்காது. தேடிப் போறவனுக்கு மட்டும் கிடைக்கிற கடை.

(19)
கடைக்குள்ள சரக்கு பிரமாதம். காப்பகத்தில் தூங்கிட்டிருந்த செஷன்கள் ராத்திரி நிகழ்ச்சியில் மறுபடி ஒலிச்சது. தொகுப்பாளர்களில் பலர் இசைக்கலைஞர்கள். டாம் ராபின்சன், தி ஃபால் குழுவில் இருந்த மார்க் ரைலி, கேட்டடோனியா பாடகி கெரிஸ் மேத்யூஸ், 2010 ஜனவரியில் வந்து சேர்ந்த பல்ப் குழுவின் ஜார்விஸ் காக்கர். சமையல் தெரிஞ்சவங்களே பரிமாறுற பந்தி.

(20)
2004 அக்டோபர் 25. பெருவின் குஸ்கோ நகரில் விடுமுறையில் இருந்த ஜான் பீல் மாரடைப்பில் இறந்தார். வயசு 65. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது 2001இல்தான் தெரிந்தது. (சொல்ல மாட்டேன்னு சொன்னேன், ஆனா டாக்டர் புத்தி போகாது. 40 வயசு தாண்டினவங்க வருஷம் ஒரு தடவை சுகர் பாருங்க.) அவர் விட்டுப் போன மாதிரியான இசைக்கு பிபிசியில் நாள் முழுக்க கதவு திறந்திருந்த இடம் 6 மியூசிக்தான்.

(21)
2010 பிப்ரவரி. பிபிசியை மேற்பார்வை செய்த பிபிசி டிரஸ்ட் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. கேட்கிறவங்களுக்கு இந்த நிலையம் ரொம்பப் பிடிச்சிருக்கு. இசையில் அகலம் இருக்கு. ஆனா நாட்டில் வயது வந்தவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் இப்படி ஒரு நிலையம் இருப்பதே தெரியும். எட்டு வருஷம் ஆகியும் அஞ்சில் ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

(22)
அந்த மாசக் கடைசியில் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் செய்தி கசிந்தது. மார்ச் 2ஆம் தேதி தலைமை இயக்குநர் மார்க் தாம்சன் அதிகாரபூர்வமாக அறிவித்தார். 6 மியூசிக் மூடல். தெற்காசிய மக்களுக்கான ஏசியன் நெட்வொர்க்கும் மூடல். மிச்சமாகும் பணம் தரமான நிகழ்ச்சிகளுக்குப் போகும் என்பது வாதம்.

(23)
நிர்வாகத்தின் பக்கத்தையும் நேர்மையா சொல்லணும். பொருளாதார நெருக்கடிக் காலம். தேர்தல் வரப் போகுது. பிபிசி ரொம்பப் பெருசாயிடுச்சு, தனியார் வானொலிகளோட பிழைப்பைக் கெடுக்குதுன்னு விமர்சனம். ஏதாவது குறைச்சுக் காட்டணும். ரேடியோ 2க்கு வாரம் 1 கோடிக்கு மேல் நேயர்கள். 6 மியூசிக்குக் கடைசிக் கணக்கில் 6,95,000. எதை வெட்டுறதுன்னு பேப்பரில் பார்த்தா விடை சுலபம்.

(24)
ஆனா பேப்பரில் பார்க்கிறதுதான் சிக்கலே. இன்னொரு கணக்கும் இருக்கு. பிபிசியின் லைசன்ஸ் வருமானம் ஆண்டுக்கு 300 கோடி பவுண்டுக்கு மேல். 6 மியூசிக்கின் செலவு 1 கோடி பவுண்டுக்கும் குறைவு. அதைவிட முக்கியம், 2009இல்தான் அரசாங்கம் 'டிஜிட்டல் பிரிட்டன்' அறிக்கையில் 2015க்குள் வானொலியை டிஜிட்டலுக்கு மாற்றுவதை இலக்காகச் சொல்லியிருந்தது. ஒரு பக்கம் டிஜிட்டல் ரேடியோ வாங்குங்கன்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் அதை வாங்க ஒரு நல்ல காரணமா இருந்த நிலையத்தை மூடுறாங்க.

(25)
இங்கே ஒரு மருத்துவ உதாரணம் சொல்றேன். காது கேட்கலைன்னு வர்றவங்களில் ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, உள்காது நரம்புக் கோளாறு. இன்னொண்ணு, கடத்தல் கோளாறு. நரம்பு நல்லா இருக்கும், வழி அடைச்சிருக்கும். பல தடவை அது வெறும் குறும்பிதான். எடுத்துவிட்டா அஞ்சு நிமிஷத்தில் தெளிவா கேட்கும். ரெண்டு பேரும் "கேட்கலை"ன்னுதான் சொல்வாங்க. எந்த வகைன்னு சோதிச்சுப் பார்க்காம வைத்தியம் பண்ணக் கூடாது.

(26)
6 மியூசிக்குக் கடத்தல் கோளாறு. உள்ளே இருக்கிறது நல்லா இருக்குன்னு டிரஸ்ட் அறிக்கையே சொல்லுது. வழிதான் அடைச்சிருக்கு. எஃப்எம் இல்லை, காரில் இல்லை, 2010 தொடக்கத்தில் நாட்டின் மொத்த வானொலிக் கேட்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் டிஜிட்டல். 'தெரியலை'ங்கிறதும் 'வேண்டாம்'ங்கிறதும் ஒண்ணு இல்லையே. குறும்பிக்கு வைத்தியம் பண்ண வேண்டிய இடத்தில் காதையே எடுக்கப் பார்த்தாங்க.

(27)
அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மூடப் போறோம்ங்கிற செய்தியே அந்த நிலையத்துக்குக் கிடைச்ச பெரிய விளம்பரமா ஆயிடுச்சு. ட்விட்டரில் ஹேஷ்டேக் பறந்தது. ஃபேஸ்புக் குழுவில் ஒரு லட்சத்துக்கு மேல் சேர்ந்தாங்க. இசைக்கலைஞர்கள் வரிசையா குரல் கொடுத்தாங்க. மார்ச் மாசம் லண்டனில் பிபிசி தலைமையகமான பிராட்காஸ்டிங் ஹவுஸ் வாசலில் நேயர்கள் கூடி நின்னாங்க. ஒரு ரேடியோவுக்காக ரோட்டுக்கு வந்த ஜனம்!

(28)
எங்க போர்ட்டர் அண்ணன் ஊர்வலத்துக்குப் போகலை. அவருக்கு லீவு கிடைக்கலை. அதுக்குப் பதிலா டிரஸ்ட் நடத்தின பொதுக் கருத்துக் கேட்புக்கு உட்கார்ந்து எழுதினார். ராத்திரி மூணு மணிக்கு, ரெண்டு அழைப்புக்கு நடுவுல. ஒரு வார்த்தைக்கு எழுத்துக்கூட்டல் கேட்டார், சொன்னேன். என்ன எழுதினீங்கன்னு கேட்டேன். ராத்திரி வேலை பார்க்கிறவனுக்கு முழிச்சிருக்க ஒரு துணை வேணும், அதைத்தான் எழுதினேன்னார்.

(29)
அவரை மாதிரி இணையம் வழியா மட்டும் கிட்டத்தட்ட 50,000 பேர் பதில் எழுதினாங்க. அதில் பெரும் பங்கு 6 மியூசிக் பற்றி. மே மாசம் ராஜர் கணக்கு வந்தது. ராஜர் என்பது அங்கே நேயர்களை எண்ணும் அமைப்பு. வருஷத்தின் முதல் மூணு மாசத்தில் வாரத்துக்கு 10 லட்சத்து 20 ஆயிரம் பேர் கேட்டிருக்காங்க. முந்தின காலாண்டின் 6,95,000 எங்கே, இது எங்கே! அதே பாட்டு, அதே தொகுப்பாளர்கள். குறும்பி எடுபட்டுச்சு, அவ்வளவுதான்.

(30)
2010 ஜூலை 5. பிபிசி டிரஸ்ட் முடிவைச் சொன்னது. 6 மியூசிக்கை மூடுவதற்கான நியாயம் நிறுவப்படவில்லை. டிஜிட்டல் வானொலிக்கு மொத்தமா ஒரு திட்டம் கொண்டு வாங்க. நிர்வாகம் கேட்டதை மேற்பார்வை அமைப்பு மறுத்துட்டுது. அன்னிக்கு ராத்திரி எனக்கு டியூட்டி இல்லை. இருந்தாலும் அந்த அறைக்குப் போனேன். அண்ணன் ஒண்ணும் பேசலை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சார்.

(31)
அப்புறம் ஏறுமுகம். 2011இல் பேரு பிபிசி ரேடியோ 6 மியூசிக் ஆனது. 2014இல் மான்செஸ்டரில் சொந்த இசை விழா தொடங்கியது. ஐந்து வருஷத்துக்குள் வார நேயர்கள் 20 லட்சத்தை எட்டினாங்க, பின்னால் 25 லட்சத்தையும் தாண்டினாங்க. டிஜிட்டலில் மட்டும் கிடைக்கிற நிலையங்களில் நாட்டிலேயே முன்வரிசை. ஜான் பீலின் மகன் டாம் ரேவன்ஸ்கிராஃப்ட் 2010இல் அதில் நிகழ்ச்சி தொகுக்க ஆரம்பிச்சார்.

(32)
கதையை இங்கே முடிச்சா சந்தோஷமா இருக்கும். ஆனா ஒண்ணு பாக்கி இருக்கு. அதே நாளில் மூடப் போறோம்னு அறிவிச்ச ஏசியன் நெட்வொர்க் என்ன ஆச்சு? ஜூலை முடிவில் அதுக்கு அந்த நிம்மதி கிடைக்கலை. மறு வருஷம், 2011இல்தான் மூடும் திட்டம் கைவிடப்பட்டது. அதுவும் செலவைப் பெரிய அளவில் வெட்டணும்ங்கிற நிபந்தனையோட.

(33)
ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? என் கருத்தைச் சொல்றேன். 6 மியூசிக் கேட்டவங்களில் பத்திரிகையில் எழுதத் தெரிஞ்சவங்க, மேடையில் மைக் இருக்கிறவங்க, இணையத்தில் முன்னாடியே உட்கார்ந்திருந்தவங்க நிறைய. சத்தம் போடத் தெரியும். ஏசியன் நெட்வொர்க் கேட்டவங்களுக்கு அந்த அளவு ஒலிபெருக்கி இல்லை. அவங்களுக்கும் எதிர்ப்பு இருந்துச்சு, பெருசா காதில் விழலை. (15)இல் சொன்னேனே, பெரிய சத்தம் பக்கத்துச் சின்னதை மறைச்சிடும்னு. அதேதான்.

(34)
அவசரப் பிரிவில் வேலை பார்த்த எல்லாருக்கும் இது தெரியும். வலியில் கத்துற நோயாளிகிட்ட நர்ஸ், டாக்டர் எல்லாரும் ஓடுவாங்க. ஓடணும்தான். ஆனா மூலைக் கட்டிலில் சத்தமே இல்லாம படுத்திருக்கிறவரைப் பார்க்காம விடக் கூடாது. கத்துறதுக்கு மூச்சு வேணும். அது கூட இல்லாதவர் அவரா இருக்கலாம். முதல்ல சொல்லிக் கொடுக்கிற பாடம் இது.

(35)
இன்னொரு தகவல். 2010இல் மூடக் கூடாதுன்னு நிர்வாகத்தை நிறுத்திய பிபிசி டிரஸ்ட் இப்போ இல்லை. 2017 ஏப்ரலில் அது கலைக்கப்பட்டு, வெளியில் இருந்து கண்காணிக்கும் பொறுப்பு ஆஃப்காம் என்ற அமைப்புக்குப் போயிடுச்சு. அது நல்லதா கெட்டதான்னு அங்கே இருக்கிறவங்க பேசட்டும். நான் கவனிச்சது வேற. அந்த முறை ஜனங்க எழுதினதைப் படிக்க ஒரு இடம் இருந்துச்சு. படிச்சுட்டு, தலைமை இயக்குநர்கிட்ட "இல்லை"ன்னு சொல்ல அதுக்கு அதிகாரமும் இருந்துச்சு. கூட்டமும் ஹேஷ்டேக்கும் மட்டும் போதாது. கேட்கிற காதும் வேணும்.

(36)
ஊர் திரும்பி வருஷங்கள் ஆச்சு. இப்பவும் பொதுச் சேவைன்னு ஒண்ணை மூடப் போறாங்கன்னு செய்தி வந்தா, அது நூலகமோ, பஸ் தடமோ, மலைக்கிராமத்தில் ஒரு சுகாதார நிலையமோ, சொல்லப்படுற காரணம் ஒண்ணுதான். "யாரும் வர்றதில்லை." அப்போ நான் கேட்கிற கேள்வியும் ஒண்ணுதான். யாருக்கும் தேவை இல்லையா, இல்லை வழி அடைச்சிருக்கா? நரம்பா, குறும்பியா? பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

(37)
இன்னிக்கும் ராத்திரி ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, தூக்கம் வர்ற வரைக்கும் போனில் அந்த நிலையத்தைக் கொஞ்ச நேரம் கேட்பேன். இங்கே நடுராத்திரின்னா அங்கே சாயங்காலம். பாட்டுக்கு நடுவுல ஊர் பேரைச் சொல்லி நேயர்கள் அனுப்பின செய்தியைப் படிப்பாங்க. எங்க பழைய ஊர் பேர் வந்தா காது தானா நிமிரும்.

இழை முடிந்தது. உங்க ஊர்ல "யாரும் வர்றதில்லை"ன்னு மூடப்பட்டு, உங்களுக்கு மட்டும் தேவையா இருந்த ஒண்ணு என்ன? கீழே எழுதுங்க. எல்லாத்தையும் படிப்பேன்.